ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க எந்த வழி?

"தம்பி, தராசிலை இலக்கம் ஓடுது, உங்கட புரோகிராமிலை ஒண்டும் வருதில்லை. பன்னிரண்டு உழவு மெசின் வரிசையிலை நிக்குது."

காலபோக அறுவடை மும்முரமாக நடந்த ஒரு காலை. பேசியவர் ஏ35 வீதிப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிற அண்ணை. அவருடைய ஆலையில் நெல்லு ஏற்றிய உழவு மெசின் பெட்டியோடு தராசில் ஏறும். தராசோடு பொருத்திய இலக்கப் பெட்டி, நிறையை ஒரு சீரியல் வயர் வழியே அனுப்பும். மேசைக்குக் கீழே இருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அதை வாசித்து, வண்டி இலக்கம், ஊர், நிறை எல்லாவற்றையும் பதிந்து, துண்டு அடித்துக் கொடுக்கும். அந்தப் பைத்தன் புரோகிராமை எழுதியவன் நான். அவர் பேசும்போது நான் கிளிநொச்சியில், வீட்டில் இருந்தேன்.

நிறுத்தித் திரும்பப் போட்டால் வரிசை நகரும். அண்ணையும் அதைத்தான் கேட்டார். ஆனால் எதனால் நின்றது என்பதும் அதோடு அழிந்து போகும். பின்னேரம் திரும்ப நிற்கும், திரும்ப அழைப்பு வரும். "ரெண்டு நிமிசம் தாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே அந்தப் பையைப் பிடித்தேன்.

பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "பிழை பிடிக்கிறதுக்குப் பிரிண்ட் போடுறதோ, பிரேக்பொயின்ட் போடுறதோ, எது திறம் அண்ணா?" பிரிண்ட் என்றால் உள்ளே இருப்பதைத் திரையில் எழுதிக் காட்டுவது, பிரேக்பொயின்ட் என்றால் ஓரிடத்தில் நிறுத்திப் பார்ப்பது. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது இது: நீங்கள் பார்க்கிற நேரத்தில் அந்தப் புரோகிராம் நிற்கலாமா? நின்றால் யார் காத்து நிற்பார்கள்? மேசையில் ஓடுகிற புரோகிராம் நின்றால் நீங்கள் மட்டுந்தான் காத்திருக்கிறீர்கள். ஆலையில் நின்றால் விடிய நாலு மணிக்கு வயலிலிருந்து வெளிக்கிட்ட ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே கருவியைச் சொல்ல என்னால் முடியாது.

மேசையில் இருக்கும்போது

பிரிண்டையும், நடப்பதைக் கோப்பில் எழுதி வைக்கிற லொக்கையும் தாழ்த்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் நித்திரையில் இருக்கும்போதும் எழுதிக்கொண்டிருப்பது லொக் ஒன்றுதான். ஆலையில் இரவு மின்னல் அடித்து மின்சாரம் போய் வந்ததை எனக்குச் சொன்னது லொக்தான். அதன் குறை ஒன்று: முன்கூட்டியே கேட்டு வைத்த கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லும். பதிலைப் பார்த்த பிறகு மனதில் எழுகிற இரண்டாவது கேள்வியை அதனிடம் கேட்க முடியாது. கேட்க வேண்டுமென்றால் புரோகிராமில் இன்னொரு வரி சேர்த்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, அதே பிழை திரும்ப வரும்வரை பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் கொன்சோல், அதாவது கேள்வி தட்டினால் உடனே பதில் தருகிற திரை. பைத்தனில் 2018இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, பிரேக்பொயின்ட் என்ற ஒரே சொல்லை அடைப்புக்குறிகளோடு ஒரு வரியில் எழுதினால் போதும். புரோகிராம் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, பிடிபி என்ற பிழைதிருத்தி திறக்கும். அந்தக் கணத்தில் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், அழைத்த இடத்துக்கு ஒரு படி மேலே ஏறிப் பார்க்கலாம், அடுத்த வரிக்கு மட்டும் நகரலாம். மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தத் தங்கச்சிக்கும் இதையே முதலில் பழகச் சொன்னேன்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி உண்டு. பைத்தனோடு சேர்ந்தே வருகிற கோட் என்ற தொகுதியில் இன்டரக்ட் என்றொரு செயல்கூறு இருக்கிறது. அது பிழைதிருத்தியைத் திறக்காது, வெறும் பைத்தன் கொன்சோலை அந்த இடத்தில் திறக்கும். கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் புரோகிராம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐபைத்தன் என்ற மேம்பட்ட கொன்சோலின் எம்பெட்டும் இதே வேலைதான். நிறமும், டாப் அழுத்தினால் பெயரை நிரப்பித் தருவதும் அதில் மேலதிகம். வரிவரியாக நகரத் தேவையில்லை, இருக்கிற தரவை உருட்டிப் பிரட்டிப் பார்த்தால் போதும் என்கிறபோது எனக்கு இது பிடிபியைவிடக் கைக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு, பலர் விழுந்திருக்கிறார்கள். இன்டரக்டுக்கு நீங்கள் கொடுக்கிற உள்மாறிகள் ஒரு பிரதிதான். கொன்சோலில் "கழிவு = 0" என்று எழுதிவிட்டு வெளியே வந்தால், செயல்கூறுக்குள் கழிவு பழைய எண்ணாகவே இருக்கும். ஒரு பட்டியலுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலோ அது உண்மையாகவே சேர்ந்துவிடும், ஏனென்றால் பட்டியல் ஒன்றுதான், அதைச் சுட்டுகிற பெயர்தான் இரண்டு. சில மாற்றம் ஒட்டும், சில மாற்றம் ஒட்டாது. "திருத்திப் பார்த்தேன், சரிவரவில்லை" என்று முடிவெடுக்க முன் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

செத்துப் போன புரோகிராமைப் பிறகு அறுத்துப் பார்க்கிற வழியும் உண்டு. பிடிபியின் போஸ்ட்மோர்ட்டம் அதற்கானது. பைத்தனை ஐ என்ற தெரிவோடு ஓடவிட்டால், பிழையில் விழுந்த பிறகும் கொன்சோல் திறந்தபடி நிற்கும். மேசையில் நல்லது. ஆலையில் அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

நிற்கக் கூடாத இடத்தில்

ஆலையில் ஓடுகிற புரோகிராமுக்கு முன்னால் எந்தத் திரையும் இல்லை. பை எழும்பும்போது, சேவைகளைக் கவனிக்கிற சிஸ்டம்டி அதை எழுப்பும், விழுந்தால் திரும்ப எழுப்பும். அப்படி ஓடுகிற புரோகிராமில் ஒரு பிரேக்பொயின்ட் தவறுதலாக மிஞ்சிவிட்டால் என்ன நடக்கும்? அது நின்று உங்களுக்காகக் காத்திருக்காது. விசைப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டம்டி வெறுமையைத்தான் கொடுத்திருக்கும். பிடிபி ஒரு வரி வாசிக்கப் பார்க்கும், ஒன்றும் இல்லை என்று கண்டு, வெளியேறுகிற பிழையை எழுப்பும். அந்தத் துண்டு அச்சாகாது. இது என் கையால் ஒருமுறை நடந்திருக்கிறது. அதன்பிறகு வெளியில் ஓடுகிற எல்லா இடத்திலும் பைத்தன்பிரேக்பொயின்ட் என்ற சூழல்மாறியைப் பூச்சியமாக வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் மிஞ்சிப் போன பிரேக்பொயின்டுகளைப் பைத்தன் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.

சரி, எஸ்எஸ்எச்சில் போய் சேவையை நிறுத்தி, கையால் ஓடவிட்டு, பிரேக்பொயின்டில் நிறுத்திப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். முதலில், 4ஜி தொடுப்பு எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். தொடுப்பு அறுந்தால் எஸ்எஸ்எச்சோடு சேர்ந்து நீங்கள் ஓடவிட்ட புரோகிராமும் சாகும். தொடுப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதை உயிரோடு வைத்திருக்கிற டிமக்ஸுக்குள் ஓடவிட்டால் அது தப்பும். டிமக்ஸ் இல்லாமல் தூரத்து இயந்திரத்தில் பிழைதிருத்தியைத் திறக்கவே கூடாது என்பது என் கட்டாய விதி.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. புரோகிராம் நிற்கும்போது உலகம் நிற்பதில்லை. தராசின் இலக்கப் பெட்டி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துவரை வரலாம். நீங்கள் பிடிபியில் மூன்று நிமிடம் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தராசில் நின்ற வண்டி இறங்கி அடுத்தது ஏறுகிறது. வந்த எழுத்துகள் இயங்குதளத்தின் இடைத்தேக்கத்தில் வரிசையாகச் சேர்கின்றன. தொடரச் சொன்னதும் புரோகிராம் அந்த வரிசையை முன்னாலிருந்து வாசிக்கும். அதாவது இறங்கிப் போன வண்டியின் நிறையை இப்போது நிற்கிற வண்டிக்கு எழுதிவிடக்கூடும். பிழை பிடிக்கப் போனவர் இன்னொருவரின் நெல்லுக் கணக்கைப் பிழையாக்கிவிட்டு வருவார். சீரியல் வயரை வாசிக்கிற பைத்தன் நூலகமான பைசீரியலில் உள்வரவுத் தேக்கத்தை வெறுமையாக்க ஒரு கட்டளை உண்டு. நிறுத்திப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், தொடர முன் அதைக் கட்டாயம் அழைக்க வேண்டும்.

தரவுத்தளமும் அப்படித்தான். எஸ்க்யூலைட்டில் எழுதத் தொடங்கி முடிக்காத ஒரு நடவடிக்கைக்கு நடுவில் நிறுத்தினால் பூட்டு போட்டபடி நிற்கும். அடுத்த மேசையில் கணக்குப் பார்க்கிற புரோகிராம் எழுத வந்து, பைத்தனின் வழமையான அமைப்பில் 5 நொடி காத்திருந்து, "தரவுத்தளம் பூட்டியிருக்கிறது" என்று விழும்.

ஆகவே அந்தக் காலை நான் எடுத்தது பை-ஸ்பை. ரஸ்ட் மொழியில் எழுதிய சிறிய கருவி. ஓடுகிற பைத்தன் புரோகிராமின் நினைவகத்தை வெளியிலிருந்து வாசித்து, ஒவ்வொரு திரெட்டும் (புரோகிராமுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிற இழை) எந்தக் கோப்பில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். புரோகிராமில் முன்கூட்டியே எதையும் எழுதி வைத்திருக்கத் தேவையில்லை. வாசிக்கிற கணத்துக்கு மட்டும் புரோகிராமை இடைநிறுத்தும், கண் இமைக்கிற நேரம்தான். ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமை வேண்டும். டம்ப் என்ற கட்டளையையும் புரோகிராமின் செயல் இலக்கத்தையும் கொடுத்ததும் திரையில் ஏழெட்டு வரி விழுந்தது. ஆக மேல் வரியில் பைசீரியலின் வாசிக்கும் செயல்கூறு. அதற்குக் கீழே என்னுடைய "நிறை வாசி". அவ்வளவுதான், காரணம் தெரிந்துவிட்டது: வயரிலிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை, புரோகிராம் அதற்காகக் காத்து நிற்கிறது. பைசீரியலில் காத்திருக்கும் நேரத்தை நாம் குறிப்பிடாவிட்டால் எல்லையே இல்லாமல் காத்திருக்கும். நான் குறிப்பிட்டிருக்கவில்லை.

"அண்ணை, இலக்கப் பெட்டிக்குப் பின்னாலை போற வயரை ஒருக்கா அமத்திப் பாருங்கோ."

"கழண்டு நிக்குது தம்பி. இந்தா போட்டாச்சு."

புரோகிராமை நிறுத்தவே தேவைப்படவில்லை. அடுத்த வண்டிக்குத் துண்டு வந்தது. அன்றிரவு காத்திருக்கும் நேரத்தை 2 நொடியாக்கி, அதற்குள் ஒன்றும் வராவிட்டால் "தராசு வயரைப் பார்க்கவும்" என்று திரையில் சிவப்பில் வரும்படி மாற்றினேன்.

இங்கே ஒரு கேள்வி வரும். 2025 ஒக்டோபரில் வந்த பைத்தன் 3.14இல், ஓடுகிற புரோகிராமின் செயல் இலக்கத்தைக் கொடுத்து வெளியிலிருந்தே பிடிபியை இணைக்கலாம். முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. அது இருந்தால் பை-ஸ்பை எதற்கு? நல்ல வசதிதான், நெடுநாளாகப் பைத்தனில் இல்லையே என்று ஏங்கிய ஒன்று. ஆனால் அது எப்படி உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். புரோகிராமின் நினைவகத்தில் ஒரு குறிப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கும். பைத்தன் அடுத்த கட்டளைக்கு நகரும்போது பாதுகாப்பான ஓர் இடத்தில் அந்தக் குறிப்பைக் கண்டு கதவைத் திறக்கும். புரோகிராம் வயரிலிருந்து ஓர் எழுத்து வரும்வரை இயங்குதளத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தால் அடுத்த கட்டளை என்பதே இல்லை. எழுத்து வரவேண்டும், அல்லது ஒரு சிக்னல் வந்து எழுப்ப வேண்டும். அந்தக் காலை என்னிடம் 3.14 இருந்திருந்தாலும், வயர் கழன்று கிடந்த புரோகிராமுக்கு முன்னால் அது வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கும். உறைந்து நிற்கிற புரோகிராமுக்கு பை-ஸ்பை, ஓடிக்கொண்டே பிழையாகச் செய்கிற புரோகிராமுக்கு 3.14 என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

3.14இன் பிடிபியும் நீங்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் மெயின் திரெட்டை நிறுத்தியே வைத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பதிப்பில் வந்த ரிமோட் எக்செக் அப்படியல்ல. ஒரு சிறிய பைத்தன் கோப்பைக் கொடுத்தால் ஓடுகிற புரோகிராமுக்குள் அதை ஒருமுறை ஓட்டிவிட்டு விட்டுவிடும். தேவையானதை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு வெளியே வரலாம். வரிசை நிற்கிற இடத்துக்கு அது பொருந்தும்.

ஜிடிபி என்ற இன்னொரு பிழைதிருத்தியைப் பற்றி ஒரு வரி: சி மொழியில் எழுதிய நூலகத்துக்குள் பிழை என்று சந்தேகம் வந்தால் எடுங்கள், மற்றப்படி முழுப் புரோகிராமையும் கட்டி நிறுத்துகிற கருவி அது.

உள்ளேயே ஒரு கதவு வைப்பது

வயர்ப் பிரச்சினை முடிந்து இரண்டு கிழமை இருக்கும். அண்ணை பின்னேரக் கணக்கோடு பேசினார். "தம்பி, கொக்காவில் ரெண்டு தரம் வருது. ஒண்டிலை ஏழு வண்டி, மற்றதிலை மூண்டு."

ஊர்வாரியாக நெல்லைக் கூட்டிக் காட்டுகிற அட்டவணையில் கொக்காவில் இரண்டு வரியாக நின்றது. லொக்கைப் பார்த்தேன். பத்துப் பதிவிலும் ஊர்ப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரிந்தது. முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டியிருக்குமோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. பை-ஸ்பை இங்கே உதவாது. புரோகிராம் எங்கும் நிற்கவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கேள்வி கேட்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது.

நல்லகாலம், அதற்குள் புரோகிராமில் ஒரு கதவு வைத்துவிட்டேன். ஒரு தனித் திரெட், ஒரு யூனிக்ஸ் சொக்கெட் (ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு புரோகிராம் பேசுகிற வழி), அதன் மறுமுனையில் பைத்தனின் இன்டரக்டிவ் கொன்சோல். சொக்கெட் என்பது கோப்பு மாதிரித்தான் இருக்கும்; அதன் அனுமதியை 600 ஆக்கினால் அந்தப் பயனரையும் ரூட்டையும் தவிர வேறு யாரும் தொட முடியாது. மெயின் திரெட் தன் பாட்டில் துண்டு அடித்துக்கொண்டிருக்கும், நான் பக்கத்துத் திரெட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். மான்ஹோல் என்ற நூலகம் இதை ஆயத்தமாகவே தருகிறது, எதிர்முனையில் இருப்பது எந்தப் பயனர் என்றும் சரிபார்க்கிறது. நான் கையால் எழுதினேன், நாற்பது வரிகூட வராது.

கையால் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொன்சோல் தன் வரவேற்பையும் பிழைச் செய்திகளையும் சொக்கெட்டுக்கு அனுப்பும்படி எளிதாக மாற்றலாம். ஆனால் நீங்கள் தட்டுகிற கேள்விக்கு வருகிற பதில் புரோகிராமின் பொது வெளியீட்டுக்குப் போகும். நீங்கள் "2 + 2" என்று கேட்பீர்கள், 4 என்பது லொக்கில் விழும், உங்கள் திரை வெறுமையாக இருக்கும். பதிலைக் காட்டுகிற கொக்கியையும் சேர்த்துத் திருப்பிவிட வேண்டும்.

கதவைத் திறந்தேன். பதிவேட்டிலிருந்து ஊர்ப் பெயர்களை எடுத்து, கொக்காவில் போலத் தெரிகிற இரண்டையும் ஏ, பி என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் சமமா என்று கேட்டேன். இல்லை என்றது. நீளம் கேட்டேன். ஒன்றுக்கு 10, மற்றதுக்கு 11. திரையில் ஒரேமாதிரி நிற்கிற இரண்டு சொல்லில் ஒன்றுக்கு ஓர் எழுத்துக் கூட. ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் வரிசையாகக் கேட்டபோது வெளிச்சம் வந்தது. ஏயில் ககரத்துக்கு அடுத்து 3018. பியில் அதே இடத்தில் 3014, அதற்கடுத்து 3006.

தமிழில் எழுதுகிற எல்லாரும் அறிய வேண்டிய விஷயம் இது. "கொ" என்பதில் வருகிற ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் உண்டு, அது 3018. அதே குறியை ஒற்றைக் கொம்பும் அரவுமாக, 3014, 3006 என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமானவை என்றே சொல்கிறது, திரையிலும் வேறுபாடு தெரியாது. பைத்தனின் சமக்குறியோ எண்ணுக்கு எண் பார்க்கும்; அதற்கு இவை இரண்டு ஊர். ஆலையின் விசைப்பலகையில் தட்டியது ஒரு மாதிரி, கைபேசியில் வந்த செய்தியிலிருந்து வெட்டி ஒட்டியது வேறு மாதிரி. எத்தனை பிரிண்ட் போட்டாலும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் பிரிண்ட் காட்டுவது கண்ணுக்குத் தெரிகிற உருவத்தை. சமமா, நீளம் என்ன, எண் என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேள்வி கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவதை நான் முன்கூட்டி நினைத்திருக்கவே மாட்டேன். கொன்சோல் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கொக்காவிலைத்தான் சொல்வேன்.

மருந்து ஒரே வரி: உள்ளே வருகிற எல்லாப் பெயரையும் யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவது. அப்போது கொம்பும் அரவும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும்.

காரணத்தைச் சொன்னதும் அண்ணை, "அப்ப அங்கினையே மாத்தி விடுங்கோவன், நீங்கள் இப்ப உள்ளுக்குத்தானே நிக்கிறீங்கள்" என்றார். மாற்றலாம்தான். ஒரு வரி தட்டினால் இரண்டு கொக்காவிலும் ஒன்றாகியிருக்கும். நான் மாட்டேன் என்றேன். ஊர்ப் பெயரை மாற்ற முடிகிற அதே கதவால் நிறையையும் மாற்ற முடியும். அந்த மாற்றம் எந்த லொக்கிலும் இருக்காது, யார் எப்போது செய்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு போகம் முழுக்கப் பாடுபட்டவர் கையில் இருப்பது அந்தத் துண்டு மட்டுந்தான். அதில் இருக்கிற இலக்கமும் பெட்டியில் இருக்கிற இலக்கமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையில்தான் அவர் நெல்லை இறக்கிவிட்டுப் போகிறார். அன்றிரவு ஆலை பூட்டிய பிறகு, திருத்திய புரோகிராமை ஏற்றி, பழைய பதிவுகளைத் திருத்துகிற சிறிய நிரலை ஓடவிட்டு, எதை எதாக மாற்றியது என்று கோப்பில் எழுதி வைத்தேன். அண்ணைக்கும் அது சரியாகப் பட்டது.

கதவு வைப்பதில் உள்ள ஆபத்து இந்த இடத்தில்தான். பைத்தன் கொன்சோலைத் தருவது வீட்டுத் திறப்பைக் கொடுப்பது. சிலர் வசதிக்காக இதை ஒரு டிசிபி போர்ட்டில் திறந்து வைப்பார்கள். டெல்நெட்டில் போய்ப் பிடிபியைப் பிடிக்கிற நூலகங்களும் உண்டு. கடவுச்சொல் இல்லாத அந்தப் போர்ட்டுக்கு வலையமைப்பில் வருகிற எவரும் என்ன வேண்டுமானாலும் ஓட்டலாம். யூனிக்ஸ் சொக்கெட், அனுமதி 600, உள்ளே வர எஸ்எஸ்எச் என்பதற்குக் குறைந்த எதையும் நான் வைக்கமாட்டேன். கதவு திறந்த நேரத்தையும், அதில் தட்டிய ஒவ்வொரு வரியையும் லொக்கில் எழுதும்படியும் பிறகு மாற்றினேன்.

கதவால் எட்டாத இடங்களும் உண்டு. மெயின் திரெட்டில் ஓடுகிற செயல்கூறின் உள்மாறிகள் பக்கத்துத் திரெட்டுக்கு நேரே தெரியாது. சிஸ் தொகுதியில் ஓடுகிற சட்டகங்களைத் தருகிற செயல்கூறு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் அடிக்கோட்டோடு தொடங்கும், அதைப் பிடித்துத்தான் உள்ளே போகவேண்டும். முக்கியமான நிலைமைகளை ஒரு பொதுப் பொருளில் வைத்திருந்தால் இந்தச் சுற்று வேண்டியதில்லை. ஓடுகிற அகராதியை அப்படியே சுற்றி வாசித்தால் நடுவில் அளவு மாறிவிட்டது என்று பிழை வரும், பிரதி எடுத்துக்கொண்டு வாசியுங்கள். சி நூலகம் ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடுகிற பைத்தனின் பொதுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுழன்றால் கதவுத் திரெட்டுக்கும் மூச்சு விட இடம் கிடைக்காது. அப்போது மீண்டும் பை-ஸ்பைதான்.

மற்ற மொழிக்காரருக்கும் இதே தெரிவுகள் வேறு பெயரில் இருக்கின்றன. ரூபியில் பைண்டிங்கும் ஐஆர்பியும் சேர்ந்து ஒரே வரியில் கொன்சோலைத் திறக்கும். நோடில் ஓடுகிற புரோகிராமுக்கு யூசர்1 சிக்னலை அனுப்பினால் உள்ளூர் 9229 போர்ட்டில் பிழைதிருத்தி திறக்கும். எர்லாங் மொழி ஆட்களுக்கு ஓடுகிற புரோகிராமுக்குள் போய் உட்காருவது அன்றாடம். இந்த எண்ணம் புதிதும் அல்ல: 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் ஓடிய லிஸ்ப் புரோகிராம் ஒன்று, திரெட்டுகள் ஒன்றையொன்று பார்த்து நின்றதில் உறைந்தபோது, பூமியிலிருந்து காரணத்தைத் தேடியவர்களுக்குக் கலத்திலேயே இருந்த லிஸ்ப் கொன்சோல் கைகொடுத்தது. அவர்களுடைய தொடுப்போடு பார்த்தால் எங்கள் 4ஜி பரவாயில்லை.

நான் எடுத்த முடிவு

மேசையில் பிரேக்பொயின்ட். தரவை உருட்டிப் பார்க்க ஐபைத்தனின் எம்பெட். இவற்றில் எதுவும் ஆலைக்குப் போகாது.

ஆலைக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் மூன்று விஷயம் இருக்கும்: லொக், பை-ஸ்பை, உள்ளே ஒரு கதவு. அழைப்பு வந்தால் முதலில் லொக். நின்றுவிட்டது என்றால் பை-ஸ்பை. ஓடுகிறது ஆனால் பிழை என்றால் கதவு. கதவால் பார்ப்பது மட்டும். திருத்துவது எப்போதும் நிரலில், ஆலை பூட்டிய பிறகு. ஒரே ஒரு கருவிதான் கற்க நேரமிருக்கிறது என்று அந்தத் தங்கச்சி கேட்டிருந்தால் பை-ஸ்பையைச் சொல்லியிருப்பேன். அரை மணித்தியாலத்தில் பழகலாம், புரோகிராமில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம், நிற்கிற வரிசைக்குக் கேடு செய்யாது.

3.14க்கு மாறினால் நான் எழுதிய கதவில் பாதி தேவைப்படாமல் போகும். ஆனால் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம் தருவது 3.13. 3.14ஐத் தனியாகக் கட்டி ஏற்ற வேண்டும், இணைக்கிற பக்கமும் ஓடுகிற பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், ஆலையில் ஏதாவது முரண்டு பிடித்தால் ஏ35இல் நான் ஓடவேண்டும். சிறுபோக நெல்லு வரும்வரை கிளிநொச்சியில் என் மேசையில் ஒரு பையில் 3.14ஐ ஓடவிட்டு, பழைய தராசு வயரொன்றைப் பொருத்தி, இழுத்து இழுத்துக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆலையில் இப்போதைக்கு 3.13உம் நாற்பது வரிக் கதவும்தான்.